குறுக்குவெட்டுப் படத்தில் இதயம்: எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

முல்லைக்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கதிரியக்கத் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தலை, வயிறு சி.டி. படங்களைத் தடுமாறாமல் பார்க்க வருகிறது. மார்புப் படத்தில் இதயம் வந்ததும் நின்றுவிடுகிறேன். பாடநூலில் இரண்டு அறைகள் மேலே, இரண்டு அறைகள் கீழே என்று தெளிவாக இருக்கின்றன. ஆக்சியல் படத்தில், அதாவது உடலைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படத்தில், அப்படி எதுவும் இல்லை. ஒரு ஸ்லைஸில் இரண்டு அறை தெரிகிறது, அடுத்ததில் மூன்று தெரிகிறது, இடையில் பெருந்தமனி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இடது மேலறை என்று ஆசிரியர் காட்டிய இடம் படத்தின் நடுவில், முதுகெலும்புக்கு முன்னால் இருக்கிறது. அது எப்படி இடது?

மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம். ஆனால் நாளை ஸ்கேன் அறையில் நிற்கும்போது அது உதவாது. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

பாடநூல் படத்தில் இருப்பது உடலுக்கு வெளியே எடுத்து, நுனியைக் கீழே ஊன்றி நிமிர்த்தி வைத்த இதயம், முல்லைக்கொடி. உயிருள்ள மனிதருக்குள் அது அப்படி நிற்பதில்லை. நுனி இடப்பக்கமும் முன்பக்கமும் கீழ்ப்பக்கமும் சாய்ந்திருக்க, உதரவிதானத்தின் மேல் படுத்துக் கிடக்கிறது. சாய்வோடு ஒரு திருகலும் உண்டு. அதனால் 'வலது' என்று பெயர் பெற்ற அறைகள் முன்னுக்கு வந்துவிடுகின்றன, 'இடது' என்று பெயர் பெற்றவை பின்னுக்குப் போய்விடுகின்றன. வலது கீழறை மார்பெலும்புக்கு நேர் பின்னால் இருக்கிறது. இடது மேலறை எல்லா அறைகளுக்கும் பின்னால், உணவுக்குழாயைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. வலது மேலறை மட்டும் பெயருக்கேற்ப வலது ஓரத்தில் நிற்கிறது. இடது கீழறை இடப்பக்கமும் பின்பக்கமும் பரவியிருக்கிறது.

உடலுக்குள் கிடக்கும் நிலையிலேயே இதயத்தை விவரிக்க வேண்டும் என்று இதய உடற்கூறியலை ஆராய்ந்த வாலஸ் மெக்அல்பைன் 1970களில் வாதாடினார். பிறகு அதே துறையைச் சேர்ந்த ராபர்ட் ஆண்டர்சன் அதைத் தொடர்ந்து வலியுறுத்தினார். ஆனாலும் பழைய பெயர்கள் போகவில்லை. 'பின்புற இறங்கு தமனி' என்று நாம் சொல்லும் தமனி அடைபட்டால், இ.சி.ஜி. பார்ப்பவர் 'கீழ்ச்சுவர் மாரடைப்பு' என்று எழுதுகிறார். அவர் எழுதுவதுதான் சரி. அந்தத் தமனி இதயத்தின் கீழ்ப்பரப்பில், உதரவிதானத்தை ஒட்டி ஓடுகிறது.

ஆகவே முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது முன்-பின். வலம்-இடம் அதற்குப் பிறகு.

இனி படத்துக்கு வாருங்கள். நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார், நீங்கள் அவர் கால்மாட்டில் நின்று தலையை நோக்கிப் பார்க்கிறீர்கள். அவருடைய வலது உங்கள் இடக்கைப் பக்கம். படத்தின் மேல் விளிம்பு மார்பு, கீழ் விளிம்பு முதுகு. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். இதயத்தில் மட்டும் இதை ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே தொடங்குங்கள்.

இதயத்தை நேராகத் தேடாதீர்கள். கழுத்துக்குக் கீழிருந்து தொடங்கி, பெருங்குழாய்களைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். பெருந்தமனி வளைவு முன்னிருந்து பின்னாக, வலமிருந்து இடமாகப் படுத்திருக்கும். அதற்கு இரண்டு மூன்று ஸ்லைஸ் கீழே போனால் வளைவு இரண்டு வட்டங்களாகப் பிரிந்துவிடும். முன்னால் ஏறு பெருந்தமனி, பின்னால் முதுகெலும்பின் இடப்பக்கம் இறங்கு பெருந்தமனி. இறங்கு பெருந்தமனிதான் உங்கள் நங்கூரம். வயிறு வரை அந்த வட்டம் பெரிதாக இடம் மாறாது.

இன்னும் கீழே, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்த பிறகு, மூன்று குழாய்கள் வரிசையாக நிற்கும் இடம் வரும். நோயாளியின் வலத்திலிருந்து இடமாக மேற்பெருஞ்சிரை, ஏறு பெருந்தமனி, நுரையீரல் தமனித் தண்டு. தண்டிலிருந்து வலது கிளை கிளம்பி, ஏறு பெருந்தமனிக்கும் மேற்பெருஞ்சிரைக்கும் பின்னால் புகுந்து வலப்பக்கம் போகும். இடது கிளை சற்று மேலேயே இடது மூச்சுக்கிளையைத் தாண்டி வளைந்துவிடுவதால், இரண்டும் ஒரே ஸ்லைஸில் முழுதாகத் தெரிவது அரிது. இந்த ஸ்லைஸை நன்றாகப் பாருங்கள். நுரையீரல் தமனியின் அகலத்தைப் பக்கத்தில் நிற்கும் ஏறு பெருந்தமனியோடு ஒப்பிடுங்கள். பெரியவர்களில் அது பெருந்தமனியைவிட அகலமாக இருந்தால், நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

அடுத்து அறைகள். முதலில் வரும் அறை எது என்று நினைக்கிறீர்கள்? இடது மேலறை. பெருந்தமனியின் வேர் நடுவில் இருக்கும், அதற்கு நேர் பின்னால் அகலமாகப் படுத்திருக்கும். இரு பக்கமும் நுரையீரல் சிரைகள் வந்து சேரும். சிரைகள் சேரும் அறையைப் பிடித்துவிட்டால் பெயரைப் பற்றிக் கவலையே வேண்டாம். அதே ஸ்லைஸில் பெருந்தமனி வேருக்கு முன்னால் இருப்பது வலது கீழறையின் வெளியேறும் பாதை. வலப்பக்கம் வலது மேலறை. பெருந்தமனி வால்வு இதயத்தின் நட்டநடுவில் இருக்கிறது, மற்ற மூன்று வால்வுகளுக்கும் பக்கத்துவீடு அதுதான்.

இன்னும் கீழே போனால் நான்கு அறைகளும் ஒன்றாகத் தெரியும் ஸ்லைஸ் வரும். அதற்கும் கீழே மேலறைகள் மறைந்து, கீழறைகளும் கீழ்ப்பெருஞ்சிரையும் மட்டும் மிஞ்சும். இடது மேலறை முடியும் இடத்தில், அதன் அடியில் இதயத்தின் பின்பக்கம் சுற்றி ஒரு சிரை வலது மேலறைக்குப் போவது தெரிகிறதா? அது கரோனரி சைனஸ். பலர் அதைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். பார்த்துப் பழகுங்கள், ஒரு நாள் அது உதவும்.

எக்கோ அறை எழுதியது:

வைகைக்கரை ஐயா சொன்னதில் குறையில்லை. ஆனால் தொடக்கநிலை மாணவருக்கு நான் வேறு வழி சொல்வேன். முதலில் நான்கு அறைகளும் தெரியும் ஸ்லைஸுக்குப் போய், நான்கையும் உறுதி செய்துகொண்டு, பிறகு மேலும் கீழும் நகர வேண்டும். எக்கோவில், அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில், நாங்கள் அப்படித்தான் கற்றுக்கொடுக்கிறோம். வால்வு திறந்து மூடுவதைக் கண்ணால் பார்த்தவருக்கு அறை குழம்பாது. பெருங்குழாயிலிருந்து இறங்கினால், இதயத்துக்கு வருவதற்குள் மாணவர் களைத்துப்போய்விடுவார்.

வைகைக்கரை எழுதியது:

> முதலில் நான்கு அறைகளும் தெரியும் ஸ்லைஸுக்குப் போய்

எக்கோவில் அது சரி நண்பரே. அங்கே பார்வையை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள், கையிலிருக்கும் புரோபை இதயத்தின் அச்சுக்கு ஏற்பத் திருப்புகிறீர்கள். ஆக்சியல் சி.டி.யில் வெட்டு உடலின் அச்சைப் பின்பற்றுகிறது. நான்கு அறையும் தெரியும் ஆக்சியல் ஸ்லைஸ் உங்கள் நான்கு அறைப் பார்வை போலத் தோன்றும், ஆனால் அது வேறு. இதயம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சாய்வில் கிடக்கிறது. ஒல்லியாக உயரமானவருக்குச் செங்குத்தாக இருக்கும், குள்ளமாகப் பருத்தவருக்கு நன்றாகப் படுத்திருக்கும். ஒருவருக்கு நான்கு அறையும் அழகாகத் தெரியும் மட்டத்தில் இன்னொருவருக்குக் கல்லீரல் தெரியும். பெருங்குழாய்களின் வரிசை அப்படி ஏமாற்றுவதில்லை.

இன்னொன்று. நாளை இந்தப் பெண் பார்க்கப்போகும் படங்களில் பெரும்பாலானவை இதயத்துக்காக எடுத்தவையாக இருக்காது. நிமோனியாவுக்கும் விபத்துக்கும் புற்றுநோய்க்கும் எடுத்த மார்பு சி.டி.யில் இதயமும் சேர்ந்து வரும். அதைத் தாண்டிப் போகாமல் பார்க்கும் கண் வேண்டும். நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி தேடும் படத்தில் வலது கீழறை இடது கீழறையைவிட அகலமாக இருப்பதைக் கவனித்துச் சொன்னால், அந்த நோயாளியின் சிகிச்சையே மாறலாம். கான்ட்ராஸ்ட் (இரத்தத்தை வெளுப்பாகக் காட்ட ஊசியில் செலுத்தும் மருந்து) இல்லாத சாதாரண மார்புப் படத்தில்கூட, அறைக்குள் இருக்கும் இரத்தத்தைவிட இடைச்சுவர் வெளுப்பாகத் தனித்துத் தெரிந்தால், அவருக்கு இரத்தசோகை இருக்கலாம். ஹீமோகுளோபின் குறைந்தால் இரத்தத்தின் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவும் (சி.டி. படத்தில் வெளுப்பைக் குறிக்கும் எண்) குறைகிறது என்பதால் இப்படி. நம் ஊரில் இது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காந்தப்புலம் எழுதியது:

எம்.ஆர்.ஐ. பக்கத்திலிருந்து நான் பேசுகிறேன். இருவரும் சொல்வது ஒன்றோடொன்று சேர்வது எங்கள் மேசையில்தான்.

வாழைக்காயைக் குறுக்கே நேராக வெட்டினால் வட்டம் வரும், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம் வரும், தோலும் தடித்துத் தெரியும். ஆக்சியல் ஸ்லைஸ் இடது கீழறையைச் சாய்த்து வெட்டுகிறது. அதில் சுவரின் தடிமனை அளந்தால் உண்மையைவிடக் கூடுதலாக வரும். அதனால்தான் இதயத்தின் அச்சுக்கு ஏற்ப நாங்கள் புதிதாக வெட்டு போடுகிறோம்.

செய்முறை இது. ஆக்சியல் படத்தில், இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வின் நடுவிலிருந்து இடது கீழறையின் நுனிக்கு ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் வழியே செங்குத்தாக வெட்டினால் இடது மேலறையும் இடது கீழறையும் மட்டும் தெரியும் இரண்டு அறைப் படம் வரும். அந்தப் படத்திலும் வால்வின் நடுவிலிருந்து நுனிக்கு ஒரு கோடு. இந்த நீள அச்சுக்கு நேர் குறுக்காக, வால்விலிருந்து நுனி வரை அடுக்கடுக்காக வெட்டினால் குறுக்கச்சுப் படங்கள் கிடைக்கும். அவற்றில் இடது கீழறை வட்டமாக இருக்கும், உள்ளே வால்வின் இதழ்களை இழுத்துப் பிடிக்கும் இரண்டு பாப்பில்லரி தசைகள் இரண்டு புள்ளிகளாகத் தெரியும், வலது கீழறை பிறைநிலா வடிவில் அதை அணைத்திருக்கும். உண்மையான நான்கு அறைப் படத்தை இந்தக் குறுக்கச்சுப் படத்தின் மேல்தான் திட்டமிடுகிறோம். எக்கோ அறை நண்பர் சொல்லும் பார்வை அங்கே கிடைக்கும்.

விரிந்த நிலையில் இடது கீழறையின் சுவர் சுமார் 10 மி.மீ. வலது கீழறையுடையது 3, 4 மி.மீ.தான். இந்த வேறுபாட்டைக் குறுக்கச்சுப் படத்தில் ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்காது. வலப்பக்க அழுத்தம் கூடும்போது, இடைச்சுவர் தட்டையாகி வட்டம் சிதைவதும் இதே படத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

இடது கீழறையின் சுவரைப் பிரித்து எண்ணிட அமெரிக்க இதயச் சங்கம் 2002இல் வெளியிட்ட 17 பகுதி முறையையும் இந்தப் படத்தை வைத்தே படியுங்கள். வால்வருகே 6, நடுவில் 6, நுனிக்கு முன்னால் 4, நுனி 1. ஒவ்வொரு வளையத்திலும் முன்சுவரில் தொடங்கி, இடைச்சுவர் வழியாகக் கீழ்ச்சுவருக்கு வந்து, பக்கச்சுவர் வழியாகத் திரும்பிப் போகிறோம். எக்கோ, எம்.ஆர்.ஐ., அணுக்கதிர் ஸ்கேன் எதில் பார்த்தவரும் ஒரே எண்ணைச் சொன்னால் ஒரே இடம் என்று புரிய வேண்டும் என்பதற்காக வந்த முறை அது.

முல்லைக்கொடி எழுதியது:

ஐயா, அண்ணா, அனைவருக்கும் நன்றி. இறங்கு பெருந்தமனியைப் பிடித்துக்கொண்டு கீழே போய்ப் பார்த்தேன். இடது மேலறையையும் நுரையீரல் சிரைகளையும் நானே கண்டுபிடித்துவிட்டேன். கரோனரி சைனஸையும் பார்த்தேன்.

அடுத்த சந்தேகம், இதயத்தசைக்கே இரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகள். சாதாரண மார்புப் படத்தில் அவை தெரியவே இல்லை. சில படங்களில் பெருந்தமனியின் வேர் இரட்டைக் கோடாகத் தெரிகிறது. அது ஏன்?

நெய்தல் எழுதியது:

சி.டி. ஸ்கேன் அறையில் வேலை செய்கிறேன். இது என் பாடம், நான் சொல்கிறேன் தங்கச்சி.

இதயம் துடிக்கிறது. அவ்வளவுதான் சிக்கல். லண்டனில் 1971 அக்டோபர் 1 அன்று சி.டி.யை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியில் முதல் நோயாளியை ஸ்கேன் செய்தபோது எடுத்தது தலையை. அந்தக் கருவிக்கு ஒரு வெட்டு எடுக்கவே நிமிடக்கணக்கில் ஆனது. அசையாத உறுப்பைத்தான் அதில் பார்க்க முடியும். இதயத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 64 ஸ்லைஸ் கருவிகள் 2004 வாக்கில் வந்த பிறகுதான் கரோனரி சி.டி. அன்றாட வேலையாயிற்று.

நீ பார்த்த இரட்டைக் கோடு துடிப்பால் வந்தது. இ.சி.ஜி.யோடு இணைக்காமல் எடுக்கும் படத்தில், வேர் ஒரு கணம் இங்கும் மறுகணம் அங்குமாகப் பதிவாகிறது. அதைப் பெருந்தமனிச் சுவர்க் கிழிசல் என்று நினைத்துப் பதறியவர்கள் உண்டு. கிழிசலாக இருந்தால் அந்தக் கோடு மேலும் கீழும் பல ஸ்லைஸ்களில் தொடர்ந்து போகும். துடிப்பின் கோடு வேரோடு நின்றுவிடும், பக்கத்திலிருக்கும் மற்ற விளிம்புகளும் அதேபோல் இரட்டையாகத் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் இ.சி.ஜி. இணைத்து மறுபடியும் எடுக்க வேண்டும். இதில் ஊகத்துக்கு இடமே கிடையாது.

கரோனரி படத்துக்கு நோயாளியைத் தயார் செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. துடிப்பு நிமிடத்துக்கு 60 அளவில் இருந்தால், இதயம் விரிந்திருக்கும் கட்டத்தில் ஓர் அமைதியான இடைவெளி கிடைக்கும். அதற்காகத்தான் மருத்துவர் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுக்கிறார். நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் கொடுப்பது தமனிகள் விரிந்து தெரிவதற்காக. ஆஸ்துமா உள்ளவருக்கும் இரத்த அழுத்தம் குறைந்தவருக்கும் இவற்றில் எச்சரிக்கை வேண்டும், கேட்காமல் தொடங்கக் கூடாது. மூச்சைப் பிடிக்கும் பயிற்சியை மேசையில் ஏற்றுவதற்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். மூச்சைப் பிடித்ததும் சிலருக்குத் துடிப்பு மாறும், அதையும் பயிற்சியிலேயே பார்த்துவிடலாம்.

ஊசி வலது கையில் போடுவது நல்லது. இடது கையில் போட்டால் கெட்டியான கான்ட்ராஸ்ட் மருந்து மார்பின் குறுக்கே, பெருந்தமனி வளைவின் கிளைகளுக்கு முன்னால் கடந்து போகும், அங்கே கீற்றுக்கீற்றாக விழும். மருந்தைத் தொடர்ந்து உப்புநீர் செலுத்தி வலப்பக்க அறைகளைக் கழுவிவிடுகிறோம். இல்லையென்றால் வலது மேலறையின் பளபளப்பு வலது கரோனரியை மறைத்துவிடும். ஆனால் முழுவதும் கழுவிவிட்டால் வலது கீழறையின் உட்பக்கம் தெரியாது. படம் எதற்காகக் கேட்கப்பட்டது என்று தெரிந்தால்தான் எவ்வளவு கழுவுவது என்று முடிவெடுக்க முடியும். மருத்துவக் காரணம் எழுதாத சீட்டு வந்தால் போன் செய்து கேள், தயங்காதே.

இனி தமனிகள். பெருந்தமனி வேரில் மூன்று குழிவுகள் இருக்கின்றன. முன்னால் இருப்பது வலது, இடப்பக்கம் பின்னால் இருப்பது இடது, வலப்பக்கம் பின்னால் இருப்பதில் தமனி கிடையாது. அந்த மூன்றாவது குழிவு மேலறைகளின் இடைச்சுவரை நோக்கி இருக்கும். பெரும்பாலும் இடது மெயின், அதாவது இடது கரோனரியின் அடித்தண்டு, முதலில் தெரியும். நுரையீரல் தமனித் தண்டுக்குப் பின்னால் இடப்பக்கம் போய், எல்.ஏ.டி., சர்கம்ஃப்ளெக்ஸ் என்று பிரியும். எல்.ஏ.டி. இரு கீழறைகளுக்கும் இடையே முன்பக்கப் பள்ளத்தில் நுனியை நோக்கி இறங்கும். சர்கம்ஃப்ளெக்ஸ் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் பின்னால் சுற்றும். வலது கரோனரி சற்றுக் கீழே கிளம்பி, வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் இறங்கும். நடுப்பகுதியில் அது ஸ்லைஸுக்குக் குறுக்காகப் போவதால் ஒரு வட்டப்புள்ளியாக மட்டும் தெரியும். கொழுப்புக்குள் அந்தப் புள்ளியைத் தேடு. பள்ளங்களில் கொழுப்பு இருப்பதால்தான் தமனி நமக்குத் தெரிகிறது.

தமனி எந்தக் குழிவிலிருந்து கிளம்புகிறது என்பதை ஒவ்வொரு படத்திலும் பார். வலது கரோனரி இடது குழிவிலிருந்து கிளம்பி, பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவில் நுழைந்து வருவது உண்டு. ஓடியாடும் இளம் வயதுக்காரருக்கு மயக்கமோ நெஞ்சுவலியோ வந்து படம் எடுக்கிறோம் என்றால், அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

செம்பருத்தி எழுதியது:

நான் இந்தத் துறை இல்லை, தேடும்போது இந்த இழை கிடைத்தது. என் அம்மாவுக்கு இருமலுக்காக எடுத்த சி.டி. அறிக்கையில் 'இடது மேலறை விரிந்துள்ளது, ஈரிதழ் வால்வுப் பகுதியில் சுண்ணாம்புப் படிவு' என்று இருக்கிறது. விழுங்கும்போது நெஞ்சில் ஏதோ அடைப்பதுபோல இருக்கிறது என்றும் சொல்கிறார். இந்த வரிகளுக்கு என்ன பொருள்? பயமாக இருக்கிறது.

வைகைக்கரை எழுதியது:

அம்மா, படத்தையும் உங்கள் அம்மாவையும் பார்க்காமல் நோய் என்ன என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. அந்த வரிகளின் பொருளை மட்டும் சொல்கிறேன்.

நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் இடது மேலறையில் சேர்ந்து, ஈரிதழ் வால்வு வழியாகக் கீழறைக்குப் போகிறது. வால்வு சரியாகத் திறக்காவிட்டாலும் சரியாக மூடாவிட்டாலும் மேலறையில் அழுத்தம் கூடி, அது மெல்ல மெல்ல விரியும். மேலறைக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் இருக்கிறது என்று மேலே எழுதியிருந்தேன். மிகவும் விரிந்த மேலறை அதை அழுத்த முடியும். மேலே இருக்கும் இடது மூச்சுக்கிளையையும் அது தூக்கிவிடக்கூடும். எனவே நீங்கள் சொன்ன இரண்டு தொந்தரவுகளையும் மருத்துவரிடம் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள். அவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சுண்ணாம்பு எங்கே படிந்திருக்கிறது என்பது முக்கியம். வயதானவர்களுக்கு வால்வைத் தாங்கும் வளையத்தில் படிவது அடிக்கடி காண்பது. வால்வின் இதழ்களிலேயே படிந்து, இதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தால், சிறு வயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலின் பழைய பாதிப்பாக இருக்கலாம். நம் நாட்டில் அது இன்னும் இருக்கிறது. துடிப்போடு இணைக்காத சாதாரண சி.டி.யால் இந்த இரண்டையும் எப்போதும் பிரித்துச் சொல்ல முடியாது. எக்கோ சொல்லிவிடும். அறிக்கையை எடுத்துக்கொண்டு இதய மருத்துவரைப் பாருங்கள், எக்கோ எடுக்க வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள். நாடித்துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். விரிந்த மேலறையில் துடிப்பு தாறுமாறானால் உள்ளே இரத்தம் உறையும் ஆபத்து உண்டு, அதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. மூச்சுத்திணறல் கூடினால், இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தால், அன்றே போங்கள்.

எக்கோ அறை எழுதியது:

ஐயா சொன்னதையே நானும் சொல்கிறேன் அம்மா. எக்கோவுக்கு ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. வால்வின் நிலை நன்றாகத் தெரிந்துவிடும். தள்ளிப்போடாமல் அழைத்துப் போங்கள்.

பிஞ்சு இதயம் எழுதியது:

குழந்தைகள் இதயப் பிரிவில் இருப்பவன் நான். வைகைக்கரை ஐயா எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும், எங்களுக்கு அது உயிர்நாடி. முன்னால் இருப்பது வலது கீழறை, பின்னால் இருப்பது இடது மேலறை என்பதெல்லாம் இயல்பான இதயத்துக்குப் பொருந்தும். பிறவியிலேயே மாறியமைந்த இதயத்தில் இடம் பொய் சொல்லும். அங்கே அறையை அதன் உடலமைப்பால் அடையாளம் காண வேண்டும்.

வலது கீழறையின் உட்சுவர் முரட்டு வரிகளோடு இருக்கும். அதன் நுனிப் பக்கத்தில் இடைச்சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஒரு தசைப்பட்டை குறுக்கே போகும், அதை மாடரேட்டர் பட்டை என்கிறோம். சி.டி.யில் நான்கு அறை மட்டத்தில் தேடினால் கிடைக்கும். வலது கீழறையின் வாயிலான மூவிதழ் வால்வு இடைச்சுவரில் ஈரிதழ் வால்வைவிடச் சற்று நுனிப்பக்கமாக ஒட்டியிருக்கும். வால்வு கீழறையோடு சேர்ந்தது என்பதால், வால்வைக் கண்டால் கீழறையைக் கண்டாயிற்று. மூவிதழ் வால்வுக்கும் நுரையீரல் வால்வுக்கும் நடுவில் தசை இருக்கும். இடது பக்கம் ஈரிதழ் வால்வும் பெருந்தமனி வால்வும் தசை இல்லாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். இடது கீழறையின் இடைச்சுவர் வழவழப்பானது.

மேலறைகளை அவற்றின் அப்பெண்டேஜ்கள், அதாவது காதுமடல் போல நீட்டிக்கொண்டிருக்கும் பைகள், காட்டிக்கொடுக்கும். வலதுடையது அகன்ற வாயோடு முக்கோணமாக இருக்கும், இடதுடையது குறுகிய வாயோடு விரல்போல நீளும்.

பெருங்குழாய்கள் இடம் மாறிப் பிறந்த குழந்தையின் படத்தில், பெருந்தமனி முன்னாலும் நுரையீரல் தமனி பின்னாலும் இருக்கும். இயல்பாக ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஏற வேண்டிய குழாய்கள் இரண்டும் இணையாக மேலே போகும். எது நுரையீரல் தமனி என்று இடத்தை வைத்துச் சொல்லக் கூடாது. எது இரண்டாகப் பிரிந்து நுரையீரல்களுக்குப் போகிறதோ அதுதான். எது தலைக்கும் கைகளுக்கும் கிளை விடுகிறதோ, கரோனரி தமனிகளைக் கொடுக்கிறதோ அது பெருந்தமனி.

முல்லைக்கொடி, நீங்கள் மனப்பாடம் வேண்டாம் என்று எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் பிரிவில் மனப்பாடம் செய்தவர்கள் முதல் வாரத்திலேயே திணறிப்போகிறார்கள்.

முல்லைக்கொடி எழுதியது:

இன்று கல்லூரியில் பயிற்சிப் படம் ஒன்று பார்த்தோம். பெருந்தமனி வளைவின் இடப்பக்கத்தில், வெளியே, ஒரு கூடுதல் குழாய் இருந்தது. அது என்ன என்று கேட்டுவிட்டு ஆசிரியர் விடை சொல்லவில்லை, நாளை வரை நேரம் கொடுத்திருக்கிறார். நான் அதைப் பிடித்துக்கொண்டு கீழே போனேன். இடது மூச்சுக்கிளைக்கு முன்னால் போகிறது. கரோனரி சைனஸ் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. விடையை நேராகச் சொல்லிவிடாதீர்கள், எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

பிஞ்சு இதயம் எழுதியது:

இரண்டு சிரைகள் அந்த இடத்தில் ஒரே மாதிரி தோன்றும். கருவிலேயே மறைந்திருக்க வேண்டிய இடது மேற்பெருஞ்சிரை மறையாமல் நின்றுவிட்டது ஒன்று. அதில் இரத்தம் கீழ்நோக்கிப் போகும். இடது நுரையீரலின் மேற்பகுதிச் சிரை, இடது மேலறைக்குப் போகாமல் வழிதவறி மேலே ஏறிப் போவது மற்றொன்று. வளைவு மட்டத்தில் நின்று பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது.

இடது மூச்சுக்கிளை மட்டத்துக்கு வாருங்கள். அதற்கு நேர் முன்னால் எத்தனை சிரைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். இயல்பாக அங்கே இடது மேல் நுரையீரல் சிரை ஒன்று மட்டும் இருக்கும். இரண்டு இருந்தால் ஒரு விடை. ஒன்றுமே இல்லாவிட்டால் மற்ற விடை. பிறகு மேலே போய், இடமிருந்து வலமாக மார்பைக் கடக்கும் பிரேக்கியோசெஃபாலிக் சிரை மெலிந்திருக்கிறதா, பருத்திருக்கிறதா என்று பாருங்கள். இரத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று அது சொல்லும். கரோனரி சைனஸ் பெரிதாக இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

முல்லைக்கொடி எழுதியது:

மூச்சுக்கிளைக்கு முன்னால் இரண்டு இருக்கின்றன. பிரேக்கியோசெஃபாலிக் சிரை நூல்போல மெலிந்திருக்கிறது. கூடுதல் குழாய் இடது மேலறையின் பக்கவாட்டில் இறங்கி, பின்னால் சுற்றி, கரோனரி சைனஸுக்குள் போய்விடுகிறது. மறையாமல் நின்ற இடது மேற்பெருஞ்சிரை.

வைகைக்கரை எழுதியது:

அதேதான். ஆசிரியர் அடுத்த கேள்வியும் கேட்பார்: இதனால் நோயாளிக்கு என்ன? கரோனரி சைனஸ் வழியாக வலது மேலறைக்கே போய்ச் சேர்வதால் பெரும்பாலும் தொந்தரவு எதுவும் இல்லை. ஆனால் இடது தோள் வழியாகப் பேஸ்மேக்கர் கம்பி செலுத்தும் மருத்துவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கம்பி எதிர்பாராத வழியில், கரோனரி சைனஸுக்குள் போகும். அதனால் அறிக்கையில் எழுதுங்கள். வலப்பக்கம் வழக்கமான மேற்பெருஞ்சிரையும் இருக்கிறதா என்று பார்த்து அதையும் எழுதுங்கள்.